பெர்சி பில்ச்சர் விபத்து, 1899: கயிறு கட்டி ஏற்றும்போதே ஹாக் கிளைடரின் வால் முறிந்தது ஏன்?

குரோம்பேட்டை கார்த்தி

வணக்கம் மக்களே. எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் மூன்றாம் வருஷம். விபத்துக் காரணம் கண்டுபிடிப்பது பற்றி ஒரு செமினார் கொடுக்கணும். வகுப்பில் ஆளாளுக்கு ஜெட் விமான விபத்துகளைப் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் மீதியைத் தேடியபோது பெர்சி பில்ச்சர் கிடைத்தார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1867-இல் பாத் நகரில் பிறந்த ஆங்கிலேயர். 13 வயதில் கடற்படை. அதை விட்டு கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் வேலை, பிறகு அங்கேயே பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர். 1895-இல் ஜெர்மனி போய், கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) முன்னோடி ஓட்டோ லிலியந்தாலைச் சந்தித்து, அவருடைய கிளைடரிலேயே பறந்து பார்த்தவர். பேட் (வௌவால்), பீட்டில் (வண்டு), கல் (Gull, கடற்பறவை), ஹாக் (பருந்து) என்று வரிசையாகக் கிளைடர்கள் கட்டினார். அதில் ஹாக்தான் ராசியானது. 1897-இல் கென்ட் பக்கம் ஐன்ஸ்ஃபோர்டில் சுமார் 230 மீட்டர் பறந்தது, அந்தக் காலத்துக்குப் பெரிய தூரம்.

இப்போது விபத்து. 1899 செப்டம்பர் 30, லெஸ்டர்ஷயரில் ஸ்டான்ஃபோர்ட் ஹால் என்ற மாளிகையின் மைதானம். காட்டுவதாக இருந்தது 4 குதிரைத்திறன் என்ஜின் வைத்த மூவடுக்கு இறக்கை விமானத்தை. ஆனால் சில நாள் முன்னால் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் (சுழல் தண்டு) உடைந்துவிட்டது. விருந்தினர்கள் வந்தாயிற்று. மழையும் காற்றுமாக இருந்தது. சரி, கிளைடரையாவது காட்டுவோம் என்று ஹாக்கை எடுத்தார். குதிரைகள் கயிற்றை இழுக்க, கிளைடர் மேலே ஏறும். முதலில் கயிறு அறுந்துபோனது. மறுபடி முயன்றார். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் வால் முறிந்து, கிளைடரோடு தரையில் விழுந்தார். அக்டோபர் 2 அன்று இறந்தார். வயது 32.

எல்லா இடத்திலும் ஒரே விளக்கம்தான் இருக்கிறது: மழையில் நனைந்த துணி சுருங்கி, வால் பகுதியை இறுக்கி, மூங்கில் முறிந்தது. இது எனக்குப் போதவில்லை. நனைந்தது காரணம் என்றால் தரையில் நிற்கும்போதே முறிந்திருக்கலாமே? வேறு என்னென்ன காரணம் இருக்கலாம், சொல்லுங்க.

எறும்பு

குதிரையை விட்டுவிட்டீங்களே தம்பி. ரெண்டு ஜீவன் ஒரே சீராக ஓடும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? ஒன்று மிரண்டு ஒரு எட்டு பாய்ந்தாலே கயிற்றில் சுளீர் என்று ஒரு வெட்டு விழும்.

நங்கூரம்

நான் தூத்துக்குடிக்காரன், கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவன். கயிறு என் சாப்பாடு, அதனால் கயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இன்றைக்கு நைலான், பாலிப்ராப்பிலின் எல்லாம் பழகிய பிள்ளைகளுக்கு இது தெரியாது. அந்தக் காலத்துக் கயிறு சணல், பருத்தி, மணிலா நார். தண்ணீர் பட்டால் நார் பருக்கும், நீளம் குறையும். மழை மேகத்தைப் பார்த்ததுமே கொடிக்கயிற்றைத் தளர்த்தி விடு என்பது பழைய கப்பலில் முதல் பாடம். தளர்த்தாமல் விட்டால் இழுத்துக் கட்டிய கட்டையே வளையும். ஊரில் கயிற்றுக் கட்டிலை மழையில் விட்டுப் பாருங்கள், மறுநாள் பலகை மாதிரி விறைத்து நிற்கும், சட்டத்தில் பலவீனமான கால் இருந்தால் கோணிக்கொள்ளும். அதே கதைதான்.

ஆனால் ஒரு திருத்தம். வாலைப் பிடித்திருந்த கட்டு உலோகக் கம்பியாக இருந்தால் அது சுருங்காது. அப்போது சுருங்கியது துணி மட்டும். பருத்தித் துணி சுருங்குவது உண்மைதான், ஆனால் கயிறு அளவுக்கு வெறி பிடித்து இழுக்காது. எனவே எது துணி, எது கயிறு, எது கம்பி என்று பிரித்துப் பார்க்காமல் 'மழை' என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

இன்னொன்று. 13 வயதில் கடற்படைக்குப் போனவனுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விட்டான் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பந்தல் மணி

மூங்கில் வேலை பார்க்கிறவன் நான். கல்யாணப் பந்தல், திருவிழா வளைவு, ஏணி எல்லாம். தம்பி கேட்ட கேள்விக்கு என் பக்கத்துப் பதில்.

மூங்கிலை நீளவாக்கில் இழுத்தால் லேசில் அறாது. ஆனால் குறுக்கே நெரித்தால் பிளந்துவிடும், உள்ளே கூடுதானே. அதனால் கட்டு எப்போதும் கணுவை ஒட்டி விழணும். ரெண்டு கணுவுக்கு நடுவில் கட்டை இறுக்கினால், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நகத்தால் தடவினால் தெரியும், முடி அளவுக்கு ஒரு கீறல் நீளமாக ஓடியிருக்கும். அந்தக் கீறலோடு அது மாசக்கணக்கில் நிற்கும். திடீரென்று ஒரு பக்கமாக வளைத்தால் 'டப்' என்று போய்விடும். ஓட்டை போட்டு ஆணியோ போல்ட்டோ கொடுத்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று, காய்ந்து பழசான மூங்கில் லேசாக இருக்கும், ஆனால் வளையாது. பச்சை வளையும், காய்ந்தது முறியும். உள்ளே பொடிப்பூச்சி விழுந்தால் சொல்லவே வேண்டாம், தட்டினால் மாவு கொட்டும். நாங்கள் ஒவ்வொரு கம்பையும் தரையில் ஒரு தட்டு தட்டி, சத்தம் கேட்டுத்தான் எடுப்போம். சத்தம் கணீர் என்று வரலை என்றால் அது அடுப்புக்கு.

அந்தக் கிளைடர் கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?

குரோம்பேட்டை கார்த்தி

மணி அண்ணே, அருமை. ஹாக் 1896-இல் கட்டியது. அப்போ விபத்தன்று மூன்று வயது. நடுவில் பலமுறை பறந்திருக்கிறது, பலமுறை இறங்கியிருக்கிறது.

நங்கூரம் ஐயா பிரிக்கச் சொன்னதால் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். ஹாக்கின் இறக்கைப் பரப்பு சுமார் 16.7 சதுர மீட்டர், வெறும் எடை சுமார் 23 கிலோ. துணி சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்தால் மொத்தத் துணி 1.7 கிலோ. தன் எடை அளவுக்குத் தண்ணீர் குடித்தாலும் கூடுவது ரெண்டு கிலோவுக்குள்தான். ஆளையும் சேர்த்து 90 கிலோ வரும் ஒரு கிளைடருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகவே 'நனைந்து கனத்துவிட்டது' என்பதை நான் அடித்துவிடுகிறேன். இறுக்கம் வேறு விஷயம், அது இருக்கட்டும்.

காற்று பக்கம் பார்த்தால் படம் மாறுகிறது. இந்த எடைக்கும் பரப்புக்கும், தூக்குவிசைக் கெழு (இறக்கை எவ்வளவு தூக்கும் என்று காட்டும் எண்) 1.2 என்று வைத்தால், ஸ்டால் ஆகாமல் (வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழக்காமல்) பறக்க வினாடிக்கு 8.5 மீட்டர் அளவில் வேகம் வேண்டும், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். வினாடிக்கு 10 மீட்டரில் இழுத்துக்கொண்டிருக்கும்போது எதிரே 5 மீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால், காற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 2.25 மடங்கு சுமை. ஒரே வீச்சில். புயல் காற்று என்றெல்லாம் தேவையே இல்லை.

ஆகன் அருள்

கார்த்தி, கணக்கு சரி, ஆனால் கயிற்றை மறந்துவிட்டாய். நான் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன், இங்கே ஒரு கிளைடர் கழகத்தில் வாரக்கடைசியில் பறக்கக் கற்றுக்கொள்கிறேன். இங்கே பெரும்பாலும் வின்ச் முறைதான்: ஓடுபாதையின் மறுகோடியில் ஒரு பெரிய என்ஜின், உருளை, ஒரு கிலோமீட்டர் நீளக் கயிறு. குதிரைக்குப் பதில் என்ஜின், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டில்லாமல் பறக்கிற கிளைடர் மேல் காற்று வீச்சு விழுந்தால், அது கொஞ்சம் மேலே எழும்பும், கொஞ்சம் பின்னால் தள்ளும், சுமை கரையும். கயிற்றில் இருக்கும்போது அப்படி நழுவ முடியாது. கயிறு பிடித்து வைத்துக்கொள்ளும், இழுப்பவன் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருப்பான். போதாக்குறைக்கு, கிளைடர் மேலே ஏற ஏற கயிறு கீழ்நோக்கிச் சாய்கிறது. அப்போது இறக்கை தாங்குவது நம் எடையை மட்டும் இல்லை, எடையோடு கயிறு கீழே இழுக்கும் விசையையும்தான். எடையைப் போல ரெண்டு மடங்கைத் தாங்க வேண்டி வந்தால் ஸ்டால் வேகமே 1.4 மடங்கு ஏறிவிடும். முதல் வகுப்பிலேயே எங்களுக்கு இதைப் பலகையில் வரைந்து காட்டிவிட்டார்கள்.

அதனால்தான் கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவில் வீக் லிங்க் என்று ஒரு சின்ன உலோகத் தகடு போடுகிறோம். இது இல்லாமல் பில்ச்சரைப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

எறும்பு

வீக் லிங்க் என்றால் வேண்டுமென்றே பலவீனமாக வைப்பதா? யாராவது வேணும்னே அறுந்துபோகிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வானத்தில் ஏறுவார்களா?

ஆகன் அருள்

ஏறுவோம் அண்ணே, அதை நம்பித்தான் ஏறுகிறோம். உள்ளங்கையில் அடங்குகிற தகடு, நடுவில் குறுகியிருக்கும். குறித்த விசைக்கு மேல் போனால் இறக்கைக்கு முன்னால் அது அறும். நிறத்தை வைத்து அடையாளம்: கறுப்பு 1000, பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500 டெக்காநியூட்டன். ஒரு டெக்காநியூட்டன் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையின் இழுப்பு. நாங்கள் பழகும் ஏ.எஸ்.கே. 21 ரெட்டை இருக்கைக் கிளைடருக்குக் கறுப்பு. அதன் உச்ச எடை 600 கிலோ, வின்சில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

ஏற்றுகிற அந்த நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இறக்கை நுனியை ஒருத்தர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். இடது கை மஞ்சள் குமிழின் மேல்; அது கயிற்றை விடுவிக்கும் குமிழ். ரேடியோவில் 'ஸைல் அன்ட்ஸீயன்' (கயிற்றை இழு) என்று சொல்வார்கள், கயிறு புல்லில் பாம்பாக ஊர்ந்து நேராகும். 'ஸைல் ஸ்ட்ராஃப்' (கயிறு விறைத்தாயிற்று) என்றதும் முதுகு இருக்கையில் அமுங்கும். மூன்று நான்கு வினாடிக்குள் தரை விட்டுப் போய்விடும். அந்த வினாடிகளில் ஒரு பக்க இறக்கை சாய்ந்து புல்லைத் தொடப் போகிறது என்றால் யோசிக்கவே கூடாது, குமிழை இழுத்துவிட வேண்டும். புல்லில் இறக்கை சிக்கி, கயிறு இழுத்துக்கொண்டே இருந்தால் கிளைடர் நுனியை ஊன்றிக் குட்டிக்கரணம் போடும். பிரிட்டனில் 2005-இல் வின்ச் பாதுகாப்புக்கென்று தனி இயக்கமே தொடங்கி, இறக்கை சாய்வது, அவசரப்பட்டு மூக்கைத் தூக்குவது, கயிறு அறுந்த பிறகு மூக்கைத் தாழ்த்தாமல் விடுவது என்று இந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் பேசிப் பேசித்தான் விபத்தைக் குறைத்தார்கள்.

இப்போது பில்ச்சர் கதைக்கு வா. முதல் முயற்சியில் கயிறு அறுந்தது என்றாயே. தெரிந்தோ தெரியாமலோ அன்றைக்கு அந்தக் கயிறுதான் வீக் லிங்க். அது தன் வேலையைச் செய்தது. பிறகு மறுபடி கட்டி இழுத்தார்கள்.

லெஸ்டர் வாசன்

நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா லெஸ்டரிலதான் இருக்கிறன். ஸ்டான்ஃபோர்ட் ஹாலுக்குப் போயிருக்கிறன், காரில வெளிக்கிட்டா பெரிய தூரமில்லை. மாளிகையின்ர பக்கத்தில ஏவன் எண்ட சின்ன ஆறு ஓடுது (சேக்ஸ்பியர்ர ஊருக்குப் போற அதே ஏவன்தான்). விழுந்த இடத்தில, வயலுக்க, ஒரு தூண் நட்டு வைச்சிருக்கினம். சுத்திவர ஆடு மேயுது. ஹாக்கின்ர மாதிரி ஒண்டும் அந்த வளாகத்தில காட்சிக்கு வைச்சிருந்தவை.

நிலம் எப்பிடியெண்டு கார்த்தி கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். தட்டையான புல்வெளி. குன்று இல்லை. பில்ச்சர் முந்தி ஸ்கொட்லாந்தில பறந்தது மேட்டில இருந்து எதிர்க்காத்துக்கு ஓடிக் குதிச்சு. ஐன்ஸ்ஃபோர்டிலையும் பள்ளத்தாக்கு இருந்தது. இஞ்ச தட்டை நிலம், அதால கயிறும் குதிரையும் இல்லாமல் எழும்பவே ஏலாது. எழும்பினதும் முழுக்க முழுக்கக் கயிற்றை நம்பின எழும்பல்தான். அருள் தம்பி சொல்லுற சுமையெல்லாம் இந்த நிலத்தில கூடத்தான் வரும்.

ஒரு வேடிக்கை. உந்த இடத்தில இருந்து சில மைல் தள்ளி ஹஸ்பண்ட்ஸ் போஸ்வேர்த் எண்ட ஊரில இண்டைக்கும் பெரிய கிளைடர் தளம் நடக்குது. வெயில் நாளில நிமிர்ந்து பார்த்தா வெள்ளை வெள்ளையா சுத்திக்கொண்டு நிக்கும்.

தாரணி ச.

ஆலைப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். எல்லாரும் மூங்கில், கயிறு, துணி என்று பேசுகிறீர்கள். நான் இந்த விபத்து வழக்கை விசாரித்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு ஏன் பறந்தார்?

காட்ட வேண்டிய இயந்திரம் தயாரில்லை. வானிலை மோசம். முதல் முயற்சி தோற்றது. மூன்று இடத்தில் 'இன்றைக்கு வேண்டாம்' என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, ஏனென்றால் வந்திருந்தவர்களில் பணம் போடக்கூடியவர்கள் இருந்தார்கள். மூவடுக்கு விமானத்துக்குக் காசு வேண்டும். எங்கள் ஆலையிலும் இதைத்தான் பார்க்கிறேன்: பெரியவர்கள் சுற்றிப் பார்க்க வருகிற நாளில்தான் இயந்திரத்தின் தடுப்புக் கதவைக் கழற்றி வைத்து ஓட்டிக் காட்டுவார்கள்.

கார்த்தி, உன் செமினாரில் மூங்கிலை இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளு.

நங்கூரம்

தாரணி அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இதில் உடன்பாடில்லை. விருந்தாளி வந்ததால் செத்தான் என்று எழுதிவிட்டால் அடுத்த கிளைடர் கட்டுகிறவனுக்கு என்ன பயன்? அதே விருந்தாளிகள், அதே மழை, ஆனால் வால் கம்பு கொஞ்சம் கனமாக இருந்திருந்தால் அவன் இறங்கி வந்து டீ குடித்திருப்பான். மனசைப் பற்றிப் பேசும்போது எல்லா விபத்தும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. லிலியந்தால் 1896-இல் விழுந்ததும் மனசால்தான் என்று சொல்லலாம். ஆனால் அது காற்று வீச்சில் மூக்கு தூக்கி ஸ்டால் ஆன விழுகை; இது உறுப்பு முறிந்த விழுகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

தாரணி ச.

மருந்து வேறுதான் ஐயா. ஆனால் 'கம்பு கனமாக இருந்திருந்தால்' என்பது மறுநாள் வருகிற ஞானம். அன்று காலையில் பில்ச்சரிடம் இருந்த தகவல் என்ன? கம்பு எவ்வளவு தாங்கும் என்று அவரிடம் எண் கிடையாது. மழை பெய்கிறது என்று தெரியும், கயிறு அறுந்தது என்று தெரியும். முடிவை அதை வைத்துத்தான் அளக்க முடியும். உங்களுக்கே அவர் தெரிந்தும் விட்டது உறுத்தியதே!

தாம்பரம் சார்ஜென்ட்

விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடலைப் பராமரிப்பவன்) இருந்து ரிட்டையர் ஆனவன். ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போ சொல்றேன்.

முதலில், வால் போனால் ஏன் உடனே விழுந்தார்? வளைவான இறக்கைக்குத் தன்னால் மூக்கைக் கீழே குத்துகிற குணம் உண்டு. வால் பின்பக்கம் கீழே அழுத்திப் பிடித்து அதைச் சமாளிக்கிறது. வால் இல்லையென்றால் மூக்கு சாயும். ஹாக்கில் பைலட் கைகளை ஊன்றித் தொங்கிக்கொண்டு, உடம்பை முன்னே பின்னே அசைத்துத்தான் ஓட்டணும். அந்த அசைவு வாலுக்கு ஈடாகாது. 10 மீட்டரில் நேரமும் கிடையாது. பாராசூட்டுக்குக்கூட உதவாத உயரம்.

அடுத்தது கயிறு. கொக்கி எடைமையத்துக்கு முன்னாலும் கீழேயும் இருந்தால், கயிற்றின் இழுப்பும் மூக்கைக் கீழே இழுக்கும். பைலட் மூக்கைத் தூக்கி வைக்கப் பின்னால் சாய்வார், வால் இன்னும் அழுத்திப் பிடிக்கும். அதாவது கட்டில்லாமல் பறக்கும்போது வால் பார்க்கிற வேலையை விட, இழுத்து ஏற்றும்போது பார்க்கிற வேலை அதிகம். கார்த்தி முதலிலேயே கேட்டானே, தரையில் நிற்கும்போதே ஏன் முறியவில்லை என்று. பதில் இங்கே இருக்கு. மழை இறுக்கியது பாதி. மீதிப் பாதியைக் கயிறு கொடுத்தது. ரெண்டும் ஒரே கம்பில் விழுந்தது.

மூன்றாவதுதான் முக்கியம், யாரும் தொடவில்லை. முதல் தடவை கயிறு அறுந்ததே, அப்போ கிளைடர் எப்படி இறங்கியது? இழுவையில் மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருக்கிறது, கயிறு போகிறது, வேகம் உடனே குறைகிறது. இறக்கம் பஞ்சு மாதிரி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பின்பக்கம் தரையில் தட்டியிருந்தால், மணி சொன்ன முடி அளவுக் கீறல் அங்கேயே விழுந்திருக்கும். எங்கள் ஹேங்கரில் ஹார்ட் லேண்டிங் என்று பைலட் ஒரு வரி எழுதினால் போதும், அந்த விமானம் அடுத்த பறப்புக்குப் போகாது. பேனல் திறந்து, டார்ச் அடித்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான். அன்றைக்கு ஸ்டான்ஃபோர்ட் ஹாலில் கூட்டம் குளிரில் நின்றுகொண்டிருந்தது.

பந்தல் மணி

சார் சொன்னது நூத்துக்கு நூறு. நனைஞ்ச மூங்கிலில் அந்தக் கீறலைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஈரத்தில் வாய் மூடிக்கும். காய்ந்தால்தான் திறக்கும்.

ஆகன் அருள்

சார்ஜென்ட் சார், சல்யூட். இங்கேயும் அதேதான். வீக் லிங்க் அறுந்தால் இன்னொன்றை மாட்டிவிட்டு அடுத்த ஆளை ஏற்றுவதில்லை. வின்ச் ஓட்டியவர் வேகமாக இழுத்தாரா, பைலட் திடீரென்று மூக்கைத் தூக்கினாரா, தகடு தேய்ந்திருந்ததா என்று முதலில் கேட்பார்கள். பலமான தகடாகப் போட்டு 'இனி அறாது' என்று சமாளிப்பது இருப்பதிலேயே மோசமான வைத்தியம். கயிறு அறாவிட்டால் வேறொன்று அறும்.

ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. மெல்லப் பறக்கிற, கனமில்லாத கிளைடர் அது. கயிறு அறுந்த உயரம் குறைவாக இருந்திருந்தால் சும்மா மிதந்து இறங்கியிருக்கவும் கூடும். அதனால் இதை 'சாத்தியம்' என்ற வரிசையில் வை கார்த்தி, 'தீர்ப்பு' என்ற வரிசையில் வேண்டாம்.

பழைய வரைபடம்

கயிறு பற்றிப் பேசுவதால் ஒரு இந்தியச் செய்தி. 1944 மார்ச் 5 இரவு, அசாமில் லாலாகாட் தளத்திலிருந்து சிண்டிட் என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையை பர்மாவுக்குள் இறக்க வாக்கோ கிளைடர்களை அனுப்பினார்கள். ஒரு சி-47 விமானத்தின் பின்னால் ரெண்டு ரெண்டு கிளைடராகக் கட்டி, மலை தாண்டி. அளவுக்கு மீறிய சுமை. இழுவைக் கயிறுகள் வழியிலேயே அறுந்து பல கிளைடர்கள் எங்கெங்கோ இறங்கின. ஒரே இழுவை, ரெண்டு சுமை, மேலே காற்றுக் கொந்தளிப்பு. பில்ச்சரின் பிரச்சினைதான், நாற்பத்தைந்து வருஷம் கழித்து.

எறும்பு

அதில் குதிரை இல்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

நடத்துநர்

லாலாகாட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானே வருகிறேன். இங்கே 1899-ஐ விட்டு நகர வேண்டாம். எறும்பு, நீங்களும்தான்.

நங்கூரம்

எறும்பு குதிரையை விடமாட்டார் போல. அதில் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நீட்டுகிறேன். ஐன்ஸ்ஃபோர்டில் கயிற்றைக் கப்பிகள் வழியாக விட்டு வேகத்தைப் பெருக்கித்தான் இழுத்தார்கள். சாதாரணமாகக் கப்பி வைப்பது பலத்தைப் பெருக்க; இங்கே தலைகீழ். இழுப்பவன் ஒரு அடி வைத்தால் கயிறு பல அடி ஓடும். அப்படிப்பட்ட ஏற்பாட்டில் இழுப்பவனின் ஒவ்வொரு தடுமாற்றமும் மறுமுனையில் பெருகித்தான் போய்ச் சேரும். ஆள் இழுத்தால் கத்தி நிறுத்தலாம். குதிரையை நிறுத்த, கிளைடரில் இருப்பவன் கத்த, குதிரைக்காரன் கேட்க, அவன் கடிவாளத்தை இழுக்க, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அருள் தம்பிக்கு ரேடியோ இருக்கிறது, மஞ்சள் குமிழ் இருக்கிறது. காற்றில் தொங்கிக்கொண்டு, இரண்டு கையும் சட்டத்தில் ஊன்றியிருக்கிறவன் எதைத் தேடிப் பிடிப்பான்?

லெஸ்டர் வாசன்

கார்த்திக்கு ஒண்டு. முறிஞ்ச இடத்தைப் பார்த்தா தெரியுமே எண்டு யோசிக்கிறீர் எண்டால், அது சரிவராது. ஹாக்கைப் பிறகு திருத்திப்போட்டினம். இப்ப எடின்பரோவில ஸ்கொட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில தூக்கி வைச்சிருக்கினம், வடிவா நிக்குது. நீர் போய்ப் பார்த்தாலும் காணப்போறது திருத்தின வாலைத்தான். முறிவு முகம் இருந்தா சார்ஜென்ட் ஐயா ஒரு நிமிசத்தில சொல்லியிருப்பார், பழைய கீறலோ புது முறிவோ எண்டு.

தாம்பரம் சார்ஜென்ட்

ஒரு நிமிஷம் போதாது, ஆனால் சொல்லியிருப்பேன். பழைய கீறலில் அழுக்கு ஏறியிருக்கும், நிறம் மங்கியிருக்கும். புது முறிவு வெள்ளையாக, நார் நாராக நிற்கும். மரத்திலும் அப்படித்தான், உலோகத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். உடைந்த பொருளை ஒட்டி அழகுபடுத்துகிற ஆர்வம் விசாரணைக்குப் பெரிய எதிரி.

குரோம்பேட்டை கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. ஸ்லைடை இப்படி மாற்றியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

நடுவில் ஒரே ஒரு கம்பு. அதன் மேல் வந்து விழுகிற சுமைகளை நான்கு அம்புக்குறியாகப் போடுகிறேன்: ஈரத்தால் வந்த இறுக்கம், காற்று வீச்சு, கயிற்றின் இழுப்பு, அதைச் சமாளிக்க வால் கூடுதலாகச் செய்த வேலை. அந்தக் கம்பின் பலத்தைக் குறைத்தவை தனி நிறத்தில்: மூன்று வருஷப் பழசு, கட்டு விழுந்த இடம், முதல் முயற்சியின் இறக்கம். 'நனைந்ததால் எடை கூடியது' என்பதைக் கோடு போட்டு அடித்துக் காட்டுவேன், ஏனென்றால் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். குதிரையையும் கப்பியையும் இழுப்பு அம்பின் அடியில் சின்ன எழுத்தில் போடுகிறேன். எறும்பு அண்ணே, உங்களுக்காகக் குதிரைப் படமும் உண்டு.

தாரணி அக்கா சொன்னதற்குத் தனி ஸ்லைடு. அதில் கிராங்க் ஷாஃப்ட், வானிலை, கயிறு அறுந்தது, இந்த மூன்று நேரத்தையும் கோட்டில் குறித்து, ஒவ்வொன்றிலும் அவருக்கு அப்போது தெரிந்தது என்ன என்று மட்டும் எழுதுகிறேன். கடைசியில் 2003-இல் கிரான்ஃபீல்டில் அந்த மூவடுக்கு விமானத்தின் மாதிரியைக் கட்டிப் பறக்கவிட்டதைச் சேர்க்கலாமா? ஒரு நிமிஷம் 26 வினாடி பறந்திருக்கிறது. ரைட் சகோதரர்களின் முதல் நாள் உச்சமே 59 வினாடிதானே.

தாரணி ச.

அதைச் சேர்க்காதே. கைதட்டல் வாங்கும், ஆனால் வகுப்பு 'அவர் பிழைத்திருந்தால்' என்று பேசப் போய்விடும். நவீனக் கணக்கும் மாற்றங்களும் சேர்த்துக் கட்டிய மாதிரி அது. உன் தலைப்பு வால்.

தாம்பரம் சார்ஜென்ட்

மேடம் சொல்றது சரி. தம்பி, இன்னொன்று: முதல் முயற்சியின் இறக்கத்தைப் பலத்தைக் குறைத்த பட்டியலில் மற்றதோடு சேர்த்து அதே நிறத்தில் போடாதே. பழசு என்பது உறுதியான தகவல், இறக்கம் நம்முடைய ஊகம். ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. கேள்வி கேட்கிற புரொஃபசர் அங்கேதான் கை வைப்பார்.

குரோம்பேட்டை கார்த்தி

புள்ளிக்கோடு போட்டாச்சு சார். கட்டு விழுந்த இடத்துக்கும் அதேதான், அதுவும் ஊகம்தானே. மணி அண்ணே, கணுவுக்குப் பக்கத்தில் கட்டியது, நடுவில் கட்டியது, ரெண்டு துண்டு மூங்கில் கிடைக்குமா? வகுப்பில் வளைத்துக் காட்டணும்.

பந்தல் மணி

பல்லாவரம் பக்கம் வேலை ஓடுது, வந்து வாங்கிக்கோ. காய்ந்ததில் ரெண்டு, பச்சையில் ரெண்டு தர்றேன். உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கோ, சிராய் கண்ணுக்குத்தான் வரும்.